பட்டகோனியாவில் ஒரு வேல்ஸ் ஊர்: கைமன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினாவில் வேல்ஸ்காரர்கள் உண்டாக்கிய ஒரு விவசாய ஊரைப் பற்றி எங்கே பேச்சை எடுத்தாலும் எனக்கு ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். வில்லங்கமானவை போகப் போக வரும்.

இந்த கைமன் எங்கே இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே?

அர்ஜென்டினாவின் தென்பகுதியான பட்டகோனியாவில், சுபூத் மாகாணத்தில். தலைநகர் புவெனோஸ் அய்ரஸிலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். சுபூத் என்றொரு ஆறு மேற்கே ஆண்டிஸ் மலையில் பிறந்து, வறண்ட மேட்டுநிலத்தைக் குறுக்கே கடந்து, அட்லாண்டிக் கடலில் விழுகிறது. கடலுக்குச் சற்று முன்னால் அதன் பள்ளத்தாக்கு அகலும் இடத்தில் வரிசையாக மூன்று ஊர்கள்: ராவ்சன், ட்ரெலியூ, கைமன். ட்ரெலியூவிலிருந்து கைமன் 17 கிலோமீட்டர்.

சின்ன ஊர்தான், சில ஆயிரம் பேர். ‘கைமன்’ என்ற பெயர் வேல்ஸ் மொழியும் இல்லை, ஸ்பானிஷும் இல்லை. அங்கே முன்பிருந்தே வாழ்ந்த தெவெல்ச்சே மக்களின் சொல் அது. கல் முனை என்று பொருள் சொல்கிறார்கள். இந்தப் பெயர் விஷயம் பின்னால் தேவைப்படும்.

வேல்ஸ்னா இங்கிலாந்துதானே? சொந்த ஊர்லயே இருக்காம எதுக்குக் கிளம்பினாங்க?

வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு. ஆட்சி ஒன்றுதான், மொழி வேறு. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் கிராமத்துக்காரருக்கு வீட்டிலும் தேவாலயத்திலும் வேல்ஸ் மொழி. கோர்ட்டில், அரசு அலுவலகத்தில், ஜமீன்தார் வீட்டு வாசலில் ஆங்கிலம். சில பள்ளிக்கூடங்களில் வேல்ஸ் மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் வேல்ஸ் மொழியில் வாய்திறக்கிறார்களோ அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் கட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. 1847இல் வெளியான அரசு அறிக்கை ஒன்று, வேல்ஸ் மக்களின் பின்தங்கலுக்கு அவர்கள் மொழியும் ஒரு காரணம் என்கிற ரீதியில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காயம் லேசில் ஆறவில்லை.

கூடவே குத்தகைத் தொல்லை. நிலம் ஜமீன்தாருடையது, குடியானவர் குத்தகை கட்டுபவர். ஜமீன்தார் சொன்ன கட்சிக்கு ஓட்டுப் போடாததால் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்கள் உண்டு. மொழியும் நிலமும் இரண்டுமே சேர்ந்துதான் அவர்களைக் கப்பலேற்றின.

அப்படின்னா அமெரிக்கா போயிருக்கலாமே? எல்லாரும் அங்கதானே போனாங்க?

போனார்கள், ஆயிரக்கணக்கில். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. பாலா என்ற ஊரின் மதபோதகர் மைக்கேல் டி. ஜோன்ஸ் அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தவர். அங்கே குடியேறிய வேல்ஸ் குடும்பங்கள் வெகு சீக்கிரம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைக் கண்டார். தனித்தனியாகப் போய்ச் சிதறினால் மொழி நிற்காது, ஆங்கிலமே எட்டாத ஓர் இடத்தில் கூட்டமாகக் குடியேற வேண்டும் என்று முடிவு கட்டினார். இந்தத் திட்டத்தில் கடைசிவரை பணம் போட்டு நொடித்துப்போனவரும் அவர்தான்.

அர்ஜென்டினாக்காரங்க ஏன் நிலத்தை சும்மா தூக்கிக் கொடுத்தாங்க?

சும்மா யார் கொடுப்பார்கள்? பட்டகோனியா தன்னுடையது என்று அர்ஜென்டினா சொல்லிக்கொண்டிருந்தது, சிலியும் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே அர்ஜென்டினாக் கொடியின் கீழ் உழுது பயிரிட ஆட்கள் வேண்டும். குடும்பத்துக்குச் சுமார் 100 ஏக்கர் என்று பேச்சு. அன்றைய உள்துறை அமைச்சர் கில்யெர்மோ ராவ்சன் இதற்குத் துணைநின்றார்; முதல் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

வேல்ஸ்காரர்கள் மனதில் கிட்டத்தட்ட தனி நாடு. அரசின் மனதில் இன்னொரு மாவட்டம். கையெழுத்துப் போடும்போது இரண்டு தரப்பும் இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளவில்லை. பின்னால் வந்த மனத்தாங்கல்களில் பாதிக்கு இதுவே வேர்.

மிமோசா கப்பல் தேயிலை ஏத்துற கப்பல்னு சொல்றாங்க. மனுஷங்களை எப்படி ஏத்தினாங்க?

உண்மைதான். முதல் குடியேறிகளைக் கொண்டுவந்த மிமோசா 1853இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கட்டப்பட்டது, சீனத் தேயிலை கொண்டுவர ஓடியது. 1865க்குள் அதன் நல்ல காலம் முடிந்துவிட்டது. முதலில் பேசிவைத்த கப்பல் கிடைக்காமல் போகவே இதை அமர்த்தினார்கள். சரக்கு அடுக்கும் தளத்தில் பலகையடித்துப் படுக்கைகள் போட்டார்கள். பெரியவருக்கு 12 பவுண்டு, பிள்ளைகளுக்கு 6 பவுண்டு. கொடுக்க முடியாதவர்களும் ஏறினார்கள்.

சுமார் 150 பேர். மே கடைசியில் லிவர்பூலில் கிளம்பி, 1865 ஜூலை 28 அன்று இப்போது புவெர்ட்டோ மட்ரின் எனப்படும் கரையில் இறங்கினார்கள். ஜூலை அங்கே நடுக் குளிர்காலம். வழியிலேயே குழந்தைகள் செத்தன, குழந்தைகள் பிறக்கவும் செய்தன. இறங்கிய கையோடு ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவருகிறேன் என்று மேட்டில் ஏறிப் போனார். திரும்பவே இல்லை. வெகுகாலம் கழித்து எலும்புகள்தான் கிடைத்தன.

வந்தவங்க எல்லாம் பரம்பரை விவசாயிங்கதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலை யாரும் முதலில் நம்புவதில்லை. பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்து வந்தவர்கள். சுரங்கத் தொழிலாளி, தையல்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், செங்கல் அறுப்பவர், போதகர். ஏர் பிடித்தவர்கள் சிலரே. பிடித்தவர்களுக்கும் தெரிந்தது வேல்ஸ் விவசாயம், அதாவது வருஷம் முழுக்க மழை கொட்டும் ஊரின் விவசாயம். சுபூத் பள்ளத்தாக்கில் ஓர் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். நம் ராமநாதபுரம் இதைவிட நான்கு மடங்கு ஈரம்.

இடத்தை முன்னதாகவே போய்ப் பார்த்துவந்தவர்கள் உண்டு. லூயிஸ் ஜோன்ஸ் என்ற அச்சுத் தொழிலாளியும் மட்ரின் என்ற பண்ணையின் சொந்தக்காரர் ஒருவரும் (துறைமுகத்தின் பெயர் அதிலிருந்துதான்) பார்த்துவிட்டு, அருமையான இடம் என்று அறிக்கை கொடுத்தார்கள். நிலம் வாங்கித் தரும் தரகர் பேச்சு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

முதல் ரெண்டு வருஷம் எப்படிப் பிழைச்சாங்க?

அரைகுறையாக. அரசு அனுப்பிய தானியமும் கால்நடைகளும் கொஞ்சம் தாங்கின. அந்த மாடுகள் காட்டு மாடுகள் போல வளர்ந்தவை, பால் கறக்கப் பக்கத்தில் போகவிடாது. விதைத்தது முளைத்தது, பிறகு காய்ந்தது.

காப்பாற்றியவர்கள் தெவெல்ச்சே மக்கள். கரையிறங்கி ஏழெட்டு மாதம்வரை ஒருவரும் கண்ணில் படவில்லை. வருவார்கள், கொன்றுவிடுவார்கள் என்ற பயம் மட்டும் இருந்தது. 1866 ஏப்ரலில், ஊரில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு முதியவரும் அவர் மனைவியும் குதிரைகளோடு வந்து நின்றார்கள். பிரான்சிஸ்கோ என்ற தலைவர் அவர். சண்டை எதுவும் இல்லை. அவரும் அவர் ஆட்களும் குதிரையேற்றம், குவானாகோ என்ற ஒட்டக இன விலங்கை வேட்டையாடுவது, கல் கட்டிய கயிற்றை வீசி ஓடும் விலங்கின் காலைச் சிக்கவைப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். இறைச்சியும் தோலும் இறகும் ஒரு பக்கம், ரொட்டியும் வெண்ணெயும் மறுபக்கம் என்று பண்டமாற்று தொடங்கியது. வேல்ஸ் மொழியில் ரொட்டிக்கு ‘பாரா’ என்று பெயர். தெவெல்ச்சே பிள்ளைகள் முதலில் கற்ற வேல்ஸ் சொற்களில் அதுவும் ஒன்று.

வாய்க்கால் வெட்டற யோசனை ஒரு பொண்ணோடதுன்னு படிச்சேன். கட்டுக்கதையா?

குடியேறியவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை அது, நான் நம்புகிறேன். 1867இல் நிலைமை முற்றி, ஊரையே காலி செய்துகொண்டு வேறு மாகாணத்துக்குப் போவது என்று முடிவாகி, எல்லாரும் கடற்கரைக்கே வந்துவிட்டார்கள். அரசு ‘இன்னும் ஒரு வருஷம் பாருங்கள்’ என்று கெஞ்சிக் கேட்டதால் திரும்பினார்கள். இப்போது புவிப்பரப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆற்றங்கரையில் புதர் மண்டிய இடங்களும் உண்டு, புல்லே இல்லாத கறுப்பு மொட்டைத் தரைகளும் உண்டு. வேல்ஸில் புல் முளைக்காத நிலம் என்றால் உதவாத நிலம். அதனால் இரண்டு வருஷமும் புதர் நிலத்தை வெட்டித் திருத்திப் பாடுபட்டார்கள், மொட்டைத் தரையைத் தொடவே இல்லை. ஆரன் ஜென்கின்ஸ் என்பவர், போகட்டும் என்று அந்தக் கறுப்புத் தரையில் கொஞ்சம் கோதுமை தூவினார். முளைத்தது, வாட ஆரம்பித்தது.

நவம்பர் மாதம். மலையில் பனி உருகி ஆறு கரை தொட்டு ஓடுகிறது. வயல் ஆற்றைவிடத் தாழ்வு. ஆரனின் மனைவி ரேச்சல் அதைப் பார்த்துவிட்டு, கரையில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்றார். மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள், தண்ணீர் தானாகவே வயலுக்குள் பாய்ந்தது. கோதுமை நிமிர்ந்தது. நம் ஊரில் பத்து வயதுப் பையனுக்குக்கூடத் தெரிந்த வேலை. மழையிலேயே வளர்ந்த சமூகத்துக்கு அது தோன்ற இரண்டு வருஷம் ஆனது. கறுப்பு மண்ணில் இருந்த குறை தண்ணீர் ஒன்றுதான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு சின்ன வாய்க்கால் என்று ஆரம்பித்து, பிறகு பல குடும்பங்கள் சேர்ந்து பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நீண்ட வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஆறு தாழ்ந்து ஓடும் காலத்திலும் தண்ணீர் ஏற வேண்டுமென்று தலைமடையை மேலே மேலே, மேற்கு நோக்கி நகர்த்தினார்கள். சுரங்கத்தில் மண் தோண்டிய கைகள் இங்கே உபயோகப்பட்டன. யாருக்கு எந்த நாள் தண்ணீர், யார் தூர் எடுப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்குச் சங்கங்கள் வந்தன. அந்தக் கூட்டங்களும் கணக்குகளும் சண்டைகளும் எல்லாமே வேல்ஸ் மொழியில்.

அப்போ கைமன் ஊர் எப்ப வந்தது?

மிமோசாவில் வந்தவர்கள் முதலில் கடல் பக்கமாக, ராவ்சனைச் சுற்றித்தான் இருந்தார்கள். வாய்க்கால் மேற்கே ஏற ஏறக் குடியிருப்பும் ஏறியது. கைமனின் முதல் வீட்டை டேவிட் ராபர்ட்ஸ் என்பவர் 1874இல் கல்லால் கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. 1874க்குப் பிறகு வேல்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புதிதாக நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். 1885இல் கைமன் நகராட்சியானது, சுபூத்தில் அதுதான் முதல். ட்ரெலியூ அதற்கப்புறம் ரயில்பாதை போடும்போது உருவான ஊர். ‘ட்ரெ’ என்றால் ஊர், ‘லியூ’ என்பது மேலே சொன்ன லூயிஸ் ஜோன்ஸ்.

பாரிஸ் கண்காட்சியில கோதுமைக்குத் தங்கப் பதக்கம் வாங்கினாங்கங்கறது நிஜமா?

ஆமாம், 1889இல் பாரிஸிலும் 1893இல் சிகாகோவிலும் சுபூத் கோதுமைக்குப் பரிசு கிடைத்தது. 1885 வாக்கில் பள்ளத்தாக்கில் விளைச்சல் ஏறக்குறைய 6,000 டன். விளைந்ததை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டதால் அதே வருஷம் ஒரு கூட்டுறவு வணிக நிறுவனம் தொடங்கினார்கள். அது கடை, கிடங்கு, கடன் என்று பட்டகோனியா முழுக்கக் கிளை விட்டு, 1930களின் மந்தத்தில் முடிந்துபோனது. கோதுமையும் வெகுகாலம் நிற்கவில்லை. பாய்ச்சிய தண்ணீர் வடிய வழியில்லாமல் உப்பு மேலே வந்தது. குதிரைமசால் தீவனத்துக்கும் ஆட்டுக்கும் மாறினார்கள்.

மழையே இல்லாத ஊர்ல வெள்ளம் வந்து ஊர் அழிஞ்சதுன்னா எப்படிங்க?

மழை பெய்ய வேண்டியது மலையில்தானே. பள்ளத்தாக்கு தட்டை, வயல்கள் ஆற்றைவிடத் தாழ்வு என்று வாய்க்கால் கேள்வியில் சொன்னேன் அல்லவா? அதே தாழ்வுதான் 1899இல் எமனானது. ஜூலையில் ஆறு கரை உடைத்து ராவ்சனையே அடித்துக்கொண்டு போனது. வீடு, தேவாலயம், வைக்கோல் போர் எதுவும் தப்பவில்லை. மண் வீடுகள் நீரில் கரைந்தே போயின. அடுத்தடுத்த வருஷங்களிலும் வெள்ளம். மனம் வெறுத்த 234 பேர் 1902இல் மூட்டை கட்டிக் கனடாவின் சஸ்காட்செவனுக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலம் பேசும் நாட்டுக்கே! மைக்கேல் ஜோன்ஸ் அப்போது உயிரோடு இல்லை, நல்லவேளை. ஆறு கடைசியில் அடங்கியது 1963இல், புளோரெண்டினோ அமெகினோ அணை வந்தபிறகு.

அந்தக் காலத்துலயே பெண்களுக்கு ஓட்டு இருந்துச்சாமே?

குடியேற்றத்தின் சொந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு, அதுவும் ரகசிய ஓட்டு. பெண்களையும் சேர்த்துத்தான் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். அர்ஜென்டினாப் பெண்கள் தேசிய அளவில் ஓட்டுரிமை பெற்றது 1947இல். ரொம்பவும் புல்லரிக்க வேண்டாம்: ஊரை நடத்திய பன்னிருவர் குழுவில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

குதிரைக்குக் கல்லறை கட்டி வெச்சிருக்காங்களே, அது என்ன கதை?

கைமனில் இல்லை, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் ட்ரெவெலின் என்ற ஊரில். 1884 மார்ச்சில் ஜான் டேனியல் எவான்ஸ் என்ற இளைஞரும் மூன்று நண்பர்களும் தங்கம் தேடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பழங்குடிப் போர்வீரர்கள் மறித்து மூவரையும் கொன்றார்கள். எவான்ஸின் குதிரை மலகாரா ஒரு செங்குத்துப் பள்ளத்தில் பாய்ந்து இறங்கி அவரைத் தப்பவைத்தது. 1909இல் குதிரை செத்தபோது அவர் கல்லில் எழுதிப் புதைத்தார்.

கதை இதோடு நிறுத்தப்படுவதுதான் வழக்கம். தெவெல்ச்சே மக்களோடு அத்தனை நட்பு இருந்த இடத்தில் ஏன் இந்தக் கொலை என்று யாரும் கேட்பதில்லை. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

நல்லா இருக்கு கதை. ஆனா அந்த நிலம் யாரோடது? இவங்களும் ஆக்கிரமிப்பாளர்கள்தானே?

தெவெல்ச்சே மக்களுடையது. ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. ‘காலி நிலம்’ என்று புவெனோஸ் அய்ரஸ் கொடுத்ததை வேல்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியால் பிடித்த நிலம் இல்லை என்பதும், குடியேற்றத்தைச் சுற்றிப் பெரிய மோதல் நடக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் தங்கள் மொழியை மிதித்த ஆட்சியிடமிருந்து தப்பி வந்தவர்கள், இன்னொரு மொழிக்காரரின் மண்ணில் இன்னொரு ஆட்சியின் கொடிக்கம்பமாக நின்றார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

1870களின் கடைசியிலிருந்து அர்ஜென்டினா ராணுவம் ‘பாலைவனத்தைக் கைப்பற்றுதல்’ என்ற பெயரில் பழங்குடியினரை வேட்டையாடியது. எவான்ஸின் நண்பர்கள் கொல்லப்பட்டது அந்த வேட்டையின் நடுவே, துரத்தப்பட்டவர்களின் கையால். அதற்கு முந்தைய ஆண்டிலேயே குடியேறிகள் சிலர், எங்கள் அண்டை அயலாரை விட்டுவிடுங்கள் என்று ராணுவத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பலன் இல்லை.

அதே எவான்ஸ் 1888இல் வடக்கே வால்செட்டா வழியாகப் போனார். அங்கே கம்பிவேலிக்குள் பழங்குடியினரை அடைத்துவைத்திருந்தார்கள். வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “போக்கோ பாரா, சின்யோர்.” கொஞ்சம் ரொட்டி, ஐயா. பாதி வேல்ஸ், பாதி ஸ்பானிஷ். உற்றுப் பார்த்தால், சிறுவயதில் தன்னோடு விளையாடி, தன் வீட்டு ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்ற நண்பன். அப்போது எவான்ஸால் அவரை மீட்க முடியவில்லை. பணத்தோடு திரும்பி வந்தபோது நண்பர் இறந்துவிட்டார். எவான்ஸே இதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு மலகாராவின் கல்லறையைவிட அந்த ஒரு சொல்தான் அதிகம் தொந்தரவு தருகிறது.

மொழியைக் காப்பாத்தத்தான் போனாங்க. கடைசில ஸ்பானிஷ் பேசறாங்களே, தோத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலோர் இன்று ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள், சரி. 1884இல் சுபூத் தேசிய ஆட்சிப்பகுதியானதும் ஆளுநரும் அரசுப் பள்ளியும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ராணுவப் பயிற்சிக்கு வரச்சொன்னார்கள். ஓய்வுநாளில் தேவாலயத்தைத் தவிர வேறெங்கும் போகாதவர்களுக்கு அது பெரிய அவமானம், லண்டன்வரை போய்ப் புகார் சொன்னார்கள். இத்தாலிய, ஸ்பானியக் குடியேறிகள் வந்து சேர்ந்தார்கள். வேல்ஸிலிருந்து கடைசிப் பெரிய கூட்டம் வந்தது 1911இல். புது ஆள் வரத்து நின்றதும், வாய்க்கால் நிர்வாகம் அரசு கைக்குப் போனதும், கூட்டுறவுக் கடை மூடியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. மொழிக்கு வேலை கொடுத்த இடங்கள் அவைதான். தேவாலயமும் வீடும் மட்டும் மிஞ்சின.

ஆனாலும் 160 வருஷம் கழித்து அங்கே வேல்ஸ் மொழி கேட்கிறது. 1965 நூற்றாண்டு விழா ஓர் உசுப்பு உசுப்பியது. ‘ஐஸ்டெத்வோட்’ என்ற கவிதை, பாட்டுப் போட்டி விழா இரண்டு மொழிகளிலும் நடக்கிறது. 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். கைமனிலும் ட்ரெலியூவிலும் ட்ரெவெலினிலும் இருமொழிப் பள்ளிகள். அமெரிக்காவுக்குப் போன வேல்ஸ் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு தோல்வியா என்று நீங்களே சொல்லுங்கள்.

1982 பால்க்லாந்து போர்ல இவங்க யார் பக்கம்?

அர்ஜென்டினா பக்கம். அவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். 1902இலேயே, எல்லைத் தகராறில் நடுவர் வந்து கேட்டபோது, ட்ரெவெலின் பள்ளிக்கூடத்தில் கூடிய வேல்ஸ் குடும்பங்கள் சிலி வேண்டாம், அர்ஜென்டினாவே போதும் என்று சொன்னவர்கள். 1982இல் கட்டாயச் சேவையில் இருந்த வேல்ஸ் வம்சத்துப் பையன்கள் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். எதிர்ப் பக்கம் பிரிட்டனின் வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவு. சர் கலஹாட் கப்பல் தாக்கப்பட்டதில் அந்தப் படைப்பிரிவில் 32 பேர் செத்தார்கள். இரு பக்கமும் ஒரே குடும்பப் பெயர்கள்: ஜோன்ஸ், வில்லியம்ஸ், எவான்ஸ்.

அங்க இருக்கற வேல்ஸ் டீக்கடை எல்லாம் டூரிஸ்டுகளுக்காக ஜோடிச்சதுதானே?

கடை புதிது, டீ பழையது. பிற்பகலில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், கேக் வைத்து டீ குடிப்பது பண்ணை வீடுகளின் வழக்கம். அதை விலைக்கு விற்க ஆரம்பித்தது சுற்றுலா வந்தபிறகு. 1995 நவம்பரில் இளவரசி டயானா கைமனுக்கு வந்து ஒரு கடையில் டீ குடித்தபின் பேருந்துகள் பெருகின.

கறுப்பு கேக் மட்டும் வேல்ஸிலேயே கிடைக்காத வேல்ஸ் கேக். உலர்பழமும் கருப்புச் சர்க்கரையும் போட்டு இறுக்கமாகச் செய்வது, வாரக்கணக்கில் கெடாது. கல்யாண கேக்கில் ஒரு பங்கைத் தகர டப்பாவில் மூடிவைத்து, கல்யாண நாள் வரும்போது ஆளுக்கொரு விள்ளல் எடுத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். நீங்கள் போனால் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்லர் மரங்கள் எங்கே வரிசையாகத் தெரிகின்றனவோ அந்தப் பக்கம் நடங்கள், அங்கே வாய்க்கால் இருக்கும்.